காடு எண்டு எழுதின போத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பைன் காடு இல்லை. முந்தியும் இருந்ததில்லை. சுண்ணாம்புக் கல், அதுக்கு மேல கொஞ்சம் செம்மண், ஆறு இல்லை, மலை இல்லை. பைன் மாதிரி எண்டு சொல்லிக் காட்டக்கூடியது காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிற்கிற சவுக்கு மட்டும்தான். அதுவும் பைன் இல்லை. ஊசி இலை மாதிரித் தெரியிறது உண்மையில் இலையே இல்லை, கணுக்கணுவாய் இருக்கிற மெல்லிய தண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்க போய், வெளிநாடு மாதிரி இருக்கெண்டு படம் எடுத்து ஸ்ரேற்றஸ் போடுற ஆக்கள் ஒருக்கா அதைக் கசக்கி மணந்து பாருங்கோ. பைன் வாசம் வராது.

ஆனாலும் பைன் வாசம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வழியால தெரியும். ஒண்டு, ரொய்லெற் கழுவுற திராவகம். மற்றது, ஓட்டோக் கண்ணாடிக்கு முன்னால கயித்தில தொங்குற பச்சை மட்டை மரம். இப்ப மூன்றாவதாக ஒரு வழி வந்திருக்கு: எங்கட பெடியளின்ர கழுத்து.

காலை எட்டு மணி விரிவுரைக்குக் கலைப்பீடத்துக்கு வந்து பாருங்கோ. கடைசி ரெண்டு வரிசையும் காடு. கறுப்பு அல்லது கடும் பச்சைப் போத்தல், பெயரில 'ஃபொரஸ்ட்', 'வுட்', 'வைல்ட்' எண்டு ஏதாவது ஒண்டு, மூடியில மரத்தின்ர ரேகை மாதிரி ஒரு கீறல். கனடாவில இருந்து மாமா கொண்டந்தது, டுபாயில இருந்து அண்ணா அனுப்பினது, அதுவும் இல்லாட்டிப் பெரியகடைப் பக்கம் வாங்கின அதே மாதிரி ஒண்டு. நல்ல போத்தல் எண்டால் ஒரு மாச மஹாபொலக் காசைத் தாண்டும். 2022 ஓகஸ்டில் டொலர் இல்லையெண்டு அரசாங்கம் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தினபோது, சொக்லேற்றோடயும் ஷாம்போவோடயும் வாசனைத் திரவியமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்பவும் இந்தக் காடு வாடேல்ல. சூட்கேசுக்குள்ளால வந்துகொண்டுதான் இருந்தது.

நான் வாசம் பூசுறதுக்கு எதிரி இல்லை. வேர்த்து ஒழுகிற ஊர் இது, ஒருத்தன் நல்லா மணக்க விரும்பிறதில என்ன பிழை? நான் எதிர்க்கிறது போத்தலோட சேர்த்து விக்கிற கதையை. ஆம்பிளை எண்டால் காடு மணக்கவேணுமாம். பூ, பழம், இனிப்பு எல்லாம் பொம்பிளையளுக்காம். அந்தக் கதை எங்க இருந்து வந்தது, அதை எங்கட பெடியள் ஏன் இவ்வளவு கெதியா நம்பினவை எண்டு கதைக்கவேணும். இதில ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அதை வாசிக்கச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் போத்தலைத் திறப்பம். ஐரோப்பாவில் ஆண்களுக்கெண்டு விக்கிற வாசனையளில ஒரு பெரிய குடும்பத்துக்கு 'ஃபூஜேர்' எண்டு பெயர். பிரெஞ்சு மொழியில் பன்னம், அந்தப் பூக்காத செடி. 1882இல் பரிசில் உபிகான் கம்பனிக்காகப் போல் பார்கே எண்டவர் செய்த 'ஃபூஜேர் ரொயால்' எண்ட வாசனைதான் இதுக்கு மூலம். அதில இருந்து கிளைச்ச குடும்பம் பிறகு ஆண்களுக்கெண்டே ஆகிப்போச்சு. பகிடி என்னெண்டால், பன்னத்துக்குச் சொல்லிக்கொள்ளுற மாதிரி மணமே கிடையாது. அந்தப் போத்தலின்ர முக்கியமான சரக்கு கூமரின். காய்ஞ்ச வைக்கோல் மாதிரி மணக்கும். 1868இல் வில்லியம் பேர்கின் ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டின பொருள் அது. மணமில்லாத ஒரு செடிக்கு மணம் இருந்தால் எப்பிடி இருக்கும் எண்டு ஒருத்தர் மேசையில இருந்து யோசிச்சிருக்கிறார். நல்ல கலை அது, மறுக்கேல்ல. ஆனால் அந்தக் கற்பனையின்ர பேரப்பிள்ளையளை எங்களுக்கு 'இயற்கையான ஆண் வாசம்' எண்டு விக்கேக்க சிரிக்காமல் என்ன செய்யிறது?

பைனுக்கு வருவம். 1955இல் இத்தாலியில் 'பினோ சில்வெஸ்ட்ரே' வந்தது. போத்தலே பைன் காய் உருவம். 1978இல் ரல்ஃப் லோரன் கம்பனியின் பச்சைப் போத்தல் 'போலோ', பைனும் தோலும் புகையிலையும். அவைக்கு அது நியாயம். அவையின்ர நாட்டில பைன் எண்டால் மலை, லீவு, குளிர், சின்ன வயசு. அவை தங்கட நினைவைத்தான் கழுத்தில பூசுகினம். நாங்கள் பூசுறது ஆற்ற நினைவை?

வேதியியலும் எங்களுக்கு உதவிக்கு வராது. பைன் மணத்துக்குப் பெரிய காரணம் பைனீன் எண்ட டேர்பீன். சின்ன மூலக்கூறு, கெதியா ஆவியாகிப் பறக்கிற சாதி. குளிர் ஊரில கம்பளிச் சட்டைக்கு மேல அது கொஞ்சமாவது தங்கும். சித்திரை வெயிலுக்குள்ள பரமேஸ்வராச் சந்தியில இருந்து கலைப்பீடத்துக்கு நடந்து வாறதுக்குள்ள காடு பறந்துபோயிடும். மிச்சம் நிற்கிறது அடியில போட்ட பாரமான செயற்கைச் சரக்கு, அதோட எங்கட வேர்வை. டேர்பீன்தான் வேணுமெண்டால் அல்ப்ஸ் மலைக்குப் போகத் தேவையில்லை. முத்தின மாங்காயைக் காம்போட ஒடிக்கேக்க 'சளீர்' எண்டு சீறுற பால் இருக்கே, அந்தக் காரமான மணமும் இதே டேர்பீன் குடும்பம்தான். கறுத்தக் கொழும்பான் மரத்தில ஏறி இறங்கின பெடியன் ஒவ்வொருத்தனும் அதை ஓசியில பூசியிருக்கிறான். தோல் பொங்கினது வேற கதை.

ஓட்டோவில தொங்குற மட்டை மரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1952இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், வோட்டர்டவுன் எண்ட ஊரில, யூலியஸ் ஸேமான் எண்ட வேதியியலாளர் அதைச் செய்தார். நாசி ஜேர்மனியில இருந்து தப்பி வந்தவர். கனடாக் காடுகளில ஊசியிலை மரங்களின்ர எண்ணெய்களை ஆராய்ஞ்சவர். பால் வண்டி ஓட்டின ஒருத்தர், சிந்தின பால் புளிச்சு நாறுது எண்டு முறைப்பட்டதில இருந்துதான் அந்த மரம் பிறந்ததெண்டு சொல்லுவினம். புளிச்ச பால், ரொய்லெற், பழைய காரின்ர சீற். பைன் வாசம் சாதாரண சனத்திட்டப் போய்ச் சேர்ந்த வழியைப் பாருங்கோ. வேற ஒரு மணத்தை அமத்துறதுக்குத்தான் அதைக் கூப்பிட்டிருக்கினம். இதை ஞாபகத்தில வைச்சிருங்கோ, திரும்பி வருவன்.

இப்ப காடு. இதை எழுதேக்க எனக்குப் பத்திக்கொண்டு வருது, ஏனெண்டால் எங்கட ஊரில 'காடு' எண்டது ஒரு ஏச்சு. நாகரிகம் தெரியாதவன் காட்டான். வன்னியில இருந்து கம்பஸுக்கு வாற பெடியனைப் பார்த்து 'காட்டுக்குள்ள இருந்து வந்தவன்' எண்டு நக்கலடிக்காத ஒரு பச் இருக்கோ? முல்லைத்தீவுப் பெடியன் ஒருத்தன்ர கதைக்கிற விதத்தையும் சேட்டையும் வைச்சு முதல் வருசம் முழுக்கப் பகிடி பண்ணின அதே வாய்கள், அதே மேசையில இருந்து, 'மச்சான் இது டீப் ஃபொரஸ்ட் வாசம், செம கிளாஸ்' எண்டு மணிக்கட்டை நீட்டுதுகள். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நிற்கிற நிசக் காட்டுக்குள்ள இருந்து வந்தவன் காட்டான். காட்டையே காணாதவன், போத்தலைத் திறந்தவுடன கிளாஸ்.

எங்கட அம்மா அப்பாவின்ர தலைமுறைக்குக் காடு எண்டால் வேற. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில எழும்பி நடந்தது. தென்மராட்சி, பிறகு கிளாலிக் கடல், பிறகு வன்னி. பத்தை வெட்டிக் கொட்டில் போட்டவை, மலேரியா கண்டவை, பாம்புக்குப் பயந்து இரவிரவா விளக்கை அணைக்காமல் இருந்தவை. அவையிட்டக் காட்டின்ர மணம் என்னெண்டு கேட்டால் ஈர விறகுப் புகை எண்டு சொல்லுவினம், நுளம்புக்குப் போட்ட வேப்பிலைப் புகை எண்டு சொல்லுவினம். அதை ஒருத்தரும் போத்தலில அடைக்கேல்ல. அடைச்சாலும் ஆர் வாங்குவினம்?

உண்மையான பைன் காட்டைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையில் பைன் இருக்கு, மலைநாட்டில். இந்த மண்ணின்ர மரம் இல்லை. கரிபியன், மத்திய அமெரிக்கப் பக்கத்து இனம். 1970களிலும் 80களிலும் வெறும் புல்வெளியிலயும் கைவிட்ட தேயிலை நிலத்திலயும் வரிசை வரிசையாக நட்டது. பேராதனைப் பெடியள் ஹந்தானையில நிண்டு படம் எடுக்கிற இடம் அதுதான். பார்க்க வடிவு. கீழ பார்த்தால் ஊசி உதிர்ந்து மெத்தை மாதிரிக் கிடக்கும், லேசில உக்காது. அடியில வேற செடி பெரிசா முளைக்காது. வறட்சிக்கு நெருப்புப் பிடிச்சால் ஓடி எரியும். ஊற்று வத்திப்போச்செண்டு பக்கத்துக் கிராமத்துச் சனம் கன காலமா முறைப்படுகுது. எங்கட ஹொஸ்ரலில பதுளைப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், தோட்டத்து லயத்தில வளர்ந்தவன். இந்தப் போத்தல்களில ஒண்டை அவன்ர மூக்குக்குக் கிட்ட பிடிச்சு 'உங்கட ஊர் வாசம்' எண்டு சொன்னாங்கள். அவன் சொன்னான்: 'அது எங்கட ஊர் வாசம் இல்ல, அரசாங்கம் நட்டது. அதுக்குள்ள ஒரு குருவி கூடக் கத்தாது.' அதுக்குப் பிறகு அந்த அறையில கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல.

'பூ பொம்பிளைக்கு, காடு ஆம்பிளைக்கு' எண்ட பங்கீடு இருக்கே, அது தமிழுக்குள்ள எப்ப வந்தது? சேர சோழ பாண்டியர் பெருமை பேசுற ஆள் நான் இல்லை. ஆனால் இதில அவையைக் கூப்பிடாமல் இருக்க ஏலாது. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. ஆடு மாடு பிடிக்கப் போனவன் வெட்சி சூடினான், மீட்கப் போனவன் கரந்தை, நேருக்கு நேர் பொருதினவன் தும்பை, வெண்டவன் வாகை. சங்க இலக்கியத்தில் போருக்கே பூவின்ர பெயர்தான். தலை வெட்டப் போன ஆம்பிளையளுக்குப் பூ வைக்க வெக்கம் இருக்கேல்ல. உங்கட வளவில நிற்கிற ரெண்டு மரம், பனையும் வேம்பும், ரெண்டு அரச குலத்தின்ர அடையாளப் பூ. பங்குனி கடைசியில வேப்பம்பூ உதிரேக்க ஒழுங்கை முழுக்க ஒரு மணம் வருமே, அதை நாங்கள் கூட்டி அள்ளி வடகம் போட்டுச் சாப்பிடுறம்.

ஆண்டாளை எடுங்கோ. ஒரு பொம்பிளை ஒரு ஆம்பிளையின்ர வாசத்தைப் பற்றித் தமிழில் பாடினதில அதுக்கு மேல ஒண்டும் இல்லையெண்டு நினைக்கிறன். அவனுடைய வாய் எப்பிடி மணக்கும் எண்டு நேரே சங்கிட்டப் போய்க் கேட்கிறா. அவ நினைச்சுப் பார்க்கிறது கற்பூரத்தையும் தாமரைப் பூவையும். இண்டைக்குத் தாமரை மணக்கிற ஒருத்தன் எங்கட கன்ரீனுக்குள்ள வந்தால் அவனுக்கு என்ன பட்டம் வைப்பினம் எண்டு உங்களுக்கே தெரியும். இன்னொண்டு: அந்தப் பாட்டில மணத்தலுக்கு அவ சொல்லுற சொல் 'நாறு'. நல்ல மணத்துக்கு இருந்த அந்தச் சொல்லை நாங்கள் கெட்ட மணத்துக்கு இறக்கிவிட்டம். சொல்லுகளுக்கே இது நடக்குது, ஆக்களுக்கு நடக்காதோ?

ரோசாவும் மல்லிகையும் அத்தராகப் பூசின ஆம்பிளையள் எங்கட பட்டினத்திலயே இருந்தவை, சோனகர் தெருவில. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள், மணித்தியாலக் கணக்கில நேரம் குடுத்து. திரும்பி வந்தவை கொஞ்சப் பேர். ஆம்பிளை பூ மணந்தால் என்னெண்டு கேட்கிற பக்கத்து வீடு இல்லாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள். இதை ஒரு வாசனைக் கட்டுரையில சொல்லவேணுமோ எண்டு கேட்பியள். எங்க சொன்னாலும் உப்பிடித்தானே கேட்கிறியள்.

வெட்டிவேரை விட்டிட்டன். அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரன் தமிழில இருந்துதான் கொண்டுபோனவன். 1950களின் கடைசியில கார்வன், கெர்லான் எண்ட ரெண்டு பெரிய கம்பனியளும் ஆண்களுக்கெண்டு விட்ட போத்தல்களுக்கு அதுதான் பெயர். இண்டைக்கும் உயர்ந்த ரக 'வுடி' வாசனையளுக்குள்ள அந்த வேர் இருக்கு. எங்கட பெடியள் லேபிளில அதைத் தமிழெண்டு தெரியாமல் 'வெட்டிவேய்' எண்டு மூக்கால வாசிக்கிறதைக் கேட்டிருக்கிறன். நாட்டு மருந்துக் கடையில போய் ஒரு பிடி கேட்டுப் பாருங்கோ, தாளில சுத்தித் தருவினம்.

இந்த இடத்தில ஒரு பெரியவர் எழும்புவார் எண்டு தெரியும். 'சரியாச் சொன்னாய் தம்பி, உந்த வெளிநாட்டு நஞ்சை விட்டிட்டு எங்கட சந்தனத்தைப் பூசுங்கோ.' இல்லை ஐயா. நான் அங்கயும் வரேல்ல. சந்தனம் நல்ல மணம், எனக்கும் பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அது எல்லாற்ற உடம்பிலயும் ஏறின மணம் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்து பதினொரு வருசத்துக்குப் பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சனம் உள்ள விடச் சொல்லிப் போராடவேண்டி இருந்தது. மறிச்சு நிண்டவைக்குத் தலைமை தாங்கினவர் படிக்காத ஆள் இல்லை. கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், செல்லப்பா சுந்தரலிங்கம். உள்ளுக்கு விடாமல் வைச்சிருந்த மணத்தை இப்ப 'எங்கட மணம்' எண்டு சொல்லித் தராதேங்கோ.

அப்ப எங்கட பெடியள் ஏன் பைனிட்டப் போனவை? விளம்பரம் எண்டு ஒரு வரியில முடிக்கலாம். அது அரைவாசிதான்.

நான் வடமராட்சிக் கரைப் பக்கம். அப்பா கடலுக்குப் போறவர். ஓ.எல். வருசம் ஒரு ரியூசனுக்குப் போனன். பெயர் வேண்டாம், அதுமாதிரி கனக்க இருக்கு. கணக்குப் படிப்பிச்ச சேர் நல்லாப் படிப்பிப்பார். எங்கட ஊர்ப் பெடியள் மூண்டு பேர் உள்ளுக்கு வரேக்க மட்டும் ஒரு கேள்வி வைச்சிருப்பார்: 'இண்டைக்கு என்ன மீன் பட்டது?' வகுப்பு சிரிக்கும். அவர் கெட்ட எண்ணத்தோட கேட்டாரோ தெரியாது. ஆனால் மழைக் காலத்திலயும் எங்கட வாங்குக்குப் பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். மூண்டு பேரும் காசு போட்டு ஒரு ஸ்பிறே வாங்கினம். கடைக்காரன் மூண்டு நாலை அடிச்சுக் காட்டிப்போட்டுப் பச்சை ரின்னைத் தந்தான். 'இதை எடுங்கோ தம்பி, இது பைன். எல்லாத்தையும் அமத்தும்.'

அமத்தும். அந்த மட்டை மரத்துக்குச் சொன்ன அதே வேலை. அங்க புளிச்ச பால், இங்க நாங்கள்.

இந்த ஊரில ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மணம் ஒட்டி வைச்சிருக்கு, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சாதி ஒட்டி வைச்சிருக்கு. சாதியைச் சொல்லி ஏச இப்ப வாய் கூசும், சட்டமும் இருக்கு, ஃபேஸ்புக்கும் இருக்கு. மணத்தைச் சொல்லி ஏசலாம். மீன் நாத்தம், கள்ளு நாத்தம். சுகாதாரம் பற்றிக் கதைக்கிற மாதிரியே இருக்கும். ஒருத்தரும் பிடிக்க ஏலாது.

மணம்தான் பிரச்சினை எண்டால் புகையிலைக்கு என்ன சொல்லுறியள்? பாடம் போட்டுப் புகைச்ச யாழ்ப்பாணப் புகையிலையின்ர நெடி மீனுக்குக் குறைஞ்சதோ? சட்டையில பிடிச்சால் ரெண்டு தோய்ச்சலுக்கும் போகாது. ஒல்லாந்தர் காலத்திலயும் பிறகு ஆங்கிலேயர் காலத்திலயும் திருவிதாங்கூருக்குக் கப்பலில போன சரக்கு அது. அந்தக் காசில கட்டின கல் வீடுகள் இண்டைக்கும் நிற்குது. புகையிலைக் கமக்காரன்ர மகன் வகுப்புக்குள்ள வரேக்க ஒருத்தரும் ஜன்னல் திறந்ததை நான் காணேல்ல. அந்த மணத்துக்குப் பெயர் உழைப்பு. பேர்ஃபியூம் போத்தலிலயும் 'ரொபாக்கோ' எண்டால் விலை கூட. காணி உள்ளவன்ர மணம் வாசனை ஆகுது, கடலுக்குப் போறவன்ர மணம் நாத்தம் ஆகுது. மூக்குக்குத் தன்ர பாட்டில இது தெரியாது. வீட்டில பழக்கித்தான் அனுப்பியிருக்கு.

இன்னொரு சாட்சி சொல்லுறன். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை. சவர்க்காரம் கிடைக்காது, கிடைச்சால் விலை எட்டாது. சனம் பனங்காயைப் பிழிஞ்சு அந்தக் களியில உடுப்புத் தோய்ச்சுது. அம்மா சொல்லுவா, கொடியில காயப்போட்ட சட்டையைப் பழம் எண்டு நினைச்சு மாடு வந்து சப்புமாம். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே மணம். டொக்டர்ர மகளும் சீவல் தொழிலாளியின்ர மகளும் பனம்பழம்தான் மணந்தவை. அப்பவும் சிலருக்குத் தேத்தண்ணி வேற பேணியிலதான் வந்தது எண்டும் அம்மாதான் சொன்னவ. எல்லாரும் ஒண்டாய் மணந்த காலத்திலயும் பேணி ரெண்டாய் இருந்ததெண்டால், மணத்தில என்ன இருக்கு?

அதாலதான் பைன் இவ்வளவு நல்லா விக்குது எண்டு சொல்லுறன். அது எந்த ஊர் மணமும் இல்லை. கடல் இல்லை, வயல் இல்லை, பனை இல்லை, அடுப்பு இல்லை. அதைப் பூசினவனைப் பார்த்து 'நீ எவ்விடம்' எண்டு கேட்க ஏலாது. 'எவ்விடம், ஆற்ற பெடியன்' எண்டு கேட்டுத் தரம் பிரிக்கிற ஊரில, எவ்விடமும் இல்லாத ஒரு வாசத்துக்கு எட்டாயிரம் ரூபா குடுக்கிறது பைத்தியக்காரத்தனம் இல்லை, ஒரு வகைத் தற்காப்பு. அந்தப் பெடியனைப் பார்த்து 'மேலைத்தேய மோகம்' எண்டு பழிக்கிற கட்டுரையள் நிறைய வாசிச்சிட்டன். அதை எழுதுறவையின்ர வீட்டு ஜன்னல் ஆருக்காகத் திறந்தது எண்டு முதலில சொல்லட்டும்.

அதேநேரம் பெடியனுக்கும் ஒண்டு சொல்லவேணும். மச்சான், இந்தத் தற்காப்பு வேலை செய்யாது. விஞ்ஞான ரீதியாவே செய்யாது. மீன் மணத்துக்குப் பெரிய காரணம் அமீன் எண்ட வகைச் சேர்மங்கள், காரத் தன்மை உள்ளவை. பைனீனோ வேற வாசனையோ அதை ஒண்டும் செய்யாது. மேல ஒரு விரிப்பை விரிக்கும், விரிப்புப் பறந்தவுடன பழையபடி. ரெண்டும் கலந்தால் இன்னும் மோசம், நாங்கள் மூண்டு பேரும் அனுபவிச்சனாங்கள். அதை முறிக்கிறது அமிலம். எங்கட அம்மாமார் மீன் வெட்டினவுடன கையில தேசிக்காய் தேய்க்கிறது அதுக்குத்தான், புளி தேய்க்கிறதும் அதுக்குத்தான். ஒரு மாச மஹாபொலக் காசு செய்யாத வேலையை அரைத் தேசிக்காய் செய்யும். அதுக்குப் பிறகு நீ என்ன பூசினாலும் அது உன்ர ஆசைக்குப் பூசினது. ரோசா பிடிச்சால் ரோசா பூசு. பைன் உண்மையா உனக்குப் பிடிச்சிருக்கெண்டால் பைனையே பூசு, பயத்தில பூசாத. எங்கட பச்சில ஒரு பிள்ளை 'ஃபோர் மென்' எண்டு எழுதின பச்சைப் போத்தலைத்தான் தினமும் அடிச்சுக்கொண்டு வாறா. பிடிச்சிருக்காம். அவ்வளவுதான்.

'வாசம் எண்டது தனிப்பட்ட ரசனை, இதுக்குள்ளயும் சாதியைக் கொண்டந்து செருகாத' எண்டு கீழ வந்து எழுதப்போற அண்ணைமாருக்கு: நான் செருகேல்ல. அது ஏற்கனவே இருந்தது. பருத்தித்துறையில இருந்து விடியக்காலை வாற பஸ்ஸில ஏறிப் பாருங்கோ. மீன் கடகத்தோட வாற அம்மாமார் பின் கதவடியிலதான் நிற்பினம். சீற் வெறுமையா இருந்தாலும் இருக்கமாட்டினம். போன மாசம் எங்கட கம்பஸ் பெடியன் ஒருத்தன், கழுத்தில பைன் காட்டோட, தள்ளி இருந்து, 'அம்மா, இதில இருங்கோ' எண்டான். அவ இருக்கேல்ல. 'வேண்டாம் ராசா, உங்கட சேட்டில பிடிச்சிடும்' எண்டா. கோப்பாய் வரைக்கும் அந்தச் சீற் வெறுமையாத்தான் வந்தது.